விருந்தாளித் தலை

தோம்ஷாங் ஊரில் அந்தத் தலை பேச ஆரம்பித்தபோது ஊர்க்காரர்களுக்கு உறைத்தது அது பேசியதல்ல, பேசிய விதம்தான். மலையின் இந்தப் பக்கத்தில் வார்த்தைகளைக் கடித்துத் துப்புவார்கள். தலையோ பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஆட்களைப் போல ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசியது. ஷாலெம் தன் சாப்பாட்டுக் கடையின் அடுப்படியைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று நினைத்திருந்தாள். அதற்காக அவளுடைய அப்பா வாங்நாவ் மூங்கில் கால் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது, மண்ணுக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது, அதைத் தொடர்ந்து "இந்த வருஷம் தினை எப்படி?" என்று ஒரு கேள்வியும் வந்தது. "பரவாயில்ல, எலித் தொல்லைதான் தாங்கல" என்று பதில் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மண்ணை அள்ளிப் போட்ட பிறகுதான், யாருக்குப் பதில் சொன்னோம் என்று வாங்நாவ் குனிந்து பார்த்தார்.

பார்த்தால் தலை. முன்பற்கள் இரண்டு இல்லை, ஒரு காதுப் பக்கம் வேர் சுற்றியிருந்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஷாலெம் அதை வெளியே எடுத்து, வெந்நீரில் கழுவி, மண்ணைத் துடைத்து, கடையில் கருவாட்டு டப்பாவுக்கும் தீப்பெட்டிக் கட்டுக்கும் நடுவில் உட்கார வைத்தாள். மண்டை ஓடு என்று யாராவது சொன்னால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் ஊரில் எல்லாரும் தலை என்றே சொல்லப் பழகினார்கள்.

இந்த மலைகளில் ஒரு காலத்தில் தலை வெட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் வெட்டியதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அங்கேதான் விஷயமே ஆரம்பிக்கும். மனிதனுடைய உயிரின் சத்தெல்லாம் தலையில் இருக்கிறது, அந்தத் தலை ஊருக்குள் வந்தால் தினைக்கதிர் கனக்கும், பன்றி குட்டிகளை வாரிப் போடும், மலடு என்று பேர் வாங்கிய மாடும் கன்று ஈனும் என்று நம்பினார்கள். அதனால் தலை வந்த அன்று முழு மரத்தைக் குடைந்து செய்த முரசை இரண்டு வரிசையாக நின்று இடிப்பார்கள், கொண்டுவந்தவனுடைய முகத்தில் பச்சை குத்துவார்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுப்புக்கும் தலையின் வாயில் அரிசிக் கள் ஊற்றி, ஒரு பிடி சோறு வைத்து, இப்படிச் சொல்வார்கள்: எங்கள் விருந்தாளியே, சாப்பிடு, குடி, உன் அப்பனைக் கூப்பிடு, உன் அம்மாவைக் கூப்பிடு, உன் அண்ணன் தம்பியைக் கூப்பிடு, உன் சாதிசனமெல்லாம் இங்கேயே வரட்டும். கேட்கப் பாசமாகத்தான் இருக்கும். வந்தால் அவர்கள் தலையையும் எடுத்துவிடலாம் என்பது அதற்குள் இருந்த கணக்கு.

பிறகு தேவாலயம் வந்தது, தலைகளையெல்லாம் புதைக்கச் சொன்னது, புதைத்தார்கள். இந்தத் தலையை எடுத்துவந்தவர் வாங்நாவின் தாத்தா. அவர் புதைத்ததும் தன் மனையிலேயேதான் என்பது இப்போது தெரிந்துபோயிற்று. எங்கே புதைத்தார் என்று அவர் யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார், அதைக் கேட்கும் துணிச்சலும் அந்த வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை.

ஊர் தலையை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. சிக்கல் வந்தது சாப்பாட்டு விஷயத்தில்தான். தலை வந்ததும் வராததுமாக அரிசிக் கள் கேட்டது, ஊரிலோ தேவாலயக் கட்டுப்பாட்டில் கள் காய்ச்சுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது, அல்லது நிறுத்தியதாக எல்லாரும் பேச்சுக்கு வைத்திருந்தார்கள். வயிறு இல்லாதவன் குடித்தால் அது குடித்த கணக்கில் வருமா என்று மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். ஊற்றுகிறது எல்லாம் கீழ்ப்பக்கமாக ஒழுகித் தட்டில் விழுந்துவிடுகிறதே, அப்படியென்றால் அது குடிப்பதல்ல, கழுவுவதுதான் என்று ஒருவர் வாதாடினார். அவருடைய மூச்சுக்காற்றின் கள் வாடையில் வேறு வாதமும் இருந்தது. கடைசியில் பாஸ்டர் மான்பாங், பால் விடாத டீ கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். தலை ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு டீக்குப் பழகியது, பழகிய பிறகு ஷாலெமால் அதற்குப் போட்டு மாளவில்லை.

மாதர் சங்கத்துப் பெண்கள் அதற்குக் கம்பளித் தொப்பி பின்னினார்கள், குளிருக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. ஞாயிறுகளில் அதைத் தேவாலயத்துக்குத் தூக்கிப் போய்க் கடைசி பெஞ்சில் வைப்பார்கள், ஞானஸ்நானம் ஆகாதவர்களுக்கு அதுதானே இடம். பாஸ்டருக்கு அதை முன் பெஞ்சுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் எங்கள் சபையில் ஆளை முழுசாக முக்க வேண்டும், தலையை மட்டும் முக்கினால் முழுசாக முக்கியதாகுமா என்று அவருக்கே சந்தேகம் வந்து, மேலிடத்துப் பாஸ்டர்களைக் கேட்கிறேன் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தலை அவருக்குச் சிரமம் வைக்காமல், தண்ணீர் உள்ளே போனால் லேசில் வெளியே வராது, எனக்கு இந்த பெஞ்சே போதும் என்று சொல்லிவிட்டது. பாட்டு என்றால் மட்டும் அதற்கு உயிர். சுதி சேராது, இருந்தாலும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அதைவிட முக்கியமாக, பழைய நம்பிக்கை பொய்யில்லை என்று நிலம் காட்ட ஆரம்பித்தது. சேப்பங்கிழங்கு ஒன்றை வேரோடு பிடுங்க இரண்டு பெண்கள் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. பாஸ்டர் வீட்டுப் பன்றி, குட்டிகளுக்கு முலை போதாமல் திணறியது. மிளகாய் முழங்கை நீளத்துக்குக் காய்த்தது, காரமும் அதற்கு ஏற்ற மாதிரி. இதெல்லாம் தலையால் என்று யாரும் தேவாலயத்துக்குள் சொல்லவில்லை, தேவாலயத்துக்கு வெளியே வேறு எதையும் பேசவுமில்லை. தோம்ஷாங்கில் ஊர்த்தலைவரை ஆங் என்பார்கள். ஆங் தானே ஒருநாள் கடைக்கு வந்து, தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மரியாதையாக நலம் விசாரித்துவிட்டு, இது நம் ஊரை விட்டு எங்கேயும் போகக்கூடாது என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஷாலெமுக்கு மட்டும் அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஏனென்றால் அவளுக்குப் பென்ஜும் இருந்தான்.

பென்ஜும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து வாங்கியூ ஊர்க்காரன், பன்றிக்குட்டி வியாபாரி. சந்தை நாள்தோறும் கூடையில் குட்டிகளைக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு, பிரம்புப் பாலம் தாண்டி, காட்டுக்குள் ஏறி வருவான். வந்தால் நேராக ஷாலெமின் கடைக்குத்தான் வருவான், வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அவளுடைய சோறும் மூங்கில்குருத்துக் குழம்பும் புகைபோட்ட இறைச்சியும் பக்கத்து ஆட்கள் தட்டில் ஆவி பறக்க, தன் மடியிலிருந்து இலைப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, தன் அம்மா கட்டிக் கொடுத்த ஆறின சோற்றைத் தின்பான், தண்ணீர்கூடத் தன் சுரைக்குடுக்கையிலிருந்துதான் குடிப்பான். முதல் தடவை ஷாலெமுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்கிறவனை எதில் சேர்ப்பது என்று கரண்டியை ஓங்கிக்கொண்டு போய்க் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு காரணத்தைச் சொன்னான். தோம்ஷாங்கில் எங்கள் வீட்டுத் தலை ஒன்று இருக்கிறது, தலை கொடுத்த வீட்டுக்காரன் தலை எடுத்த ஊரில் வாய் நனைக்கக்கூடாது, நனைத்தால் வயிறு வீங்கிச் சாவான், இது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. சரி, அப்படியென்றால் எதற்காக என் கடைக்கு வருகிறாய் என்று கேட்டாள். அவன் வெட்கப்பட்டான், அடுத்த சந்தைக்கும் வந்தான்.

கோபம் எந்த இடத்தில் ஆசையாக மாறியது என்று ஷாலெமுக்கே தெரியாது. முப்பதைத் தாண்டியவள், ஊரில் பார்த்த மாப்பிள்ளைகளையெல்லாம் வாயாலேயே விரட்டியவள், தன் கையால் ஒரு வாய் சோறு தின்ன முடியாத ஒருத்தனுக்காகச் சந்தை நாளில் மட்டும் குழம்பில் இஞ்சியைத் தூக்கலாகப் போட்டாள், அவன் வாசனையாவது பிடிக்கட்டும் என்று. இரண்டு வீட்டிலும் பேச்சு எடுத்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான்: பெண்டாட்டி ஆக்கின சோற்றைப் புருஷன் தொடக்கூடாதென்றால் அது என்ன கல்யாணம், முதலில் தலை வீடு திரும்பட்டும்.

ஆக, தலை மண்ணிலிருந்து கிளம்பிய அன்றைக்கு ஊரிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் ஷாலெம்தான். அடுத்த சந்தை நாளில் பென்ஜும் வாசலில் கூடையை இறக்கியதும், கருவாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து "வந்துட்டியா?" என்று தலை கேட்டது. அவன் இழுவையும் தலையின் இழுவையும் ஒன்றாக இருந்தன. தாடையும் ஒன்றுதான், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பென்ஜும் தரையில் உட்கார்ந்துவிட்டான், கொள்ளுத்தாத்தாவின் தம்பி என்று கணக்குப் போட்டுச் சொன்னான், இரண்டு பேரும் மழை பற்றியும் செத்துப்போன சொந்தக்காரர்கள் பற்றியும் மாலைவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவன் போன பிறகு ஷாலெம் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, நல்லவேளை, இத்தனை காலம் கழித்தாவது உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துவிட்டீர்கள் என்று தலையிடம் உபசாரமாகச் சொன்னாள். தலை டீயை உறிஞ்சியது, தட்டில் ஒழுகும் சத்தம் கேட்டது.

"பாக்காம என்ன? நான் கூப்பிட்டுத்தானே வர்றான்" என்றது.

ஷாலெம் திரும்பினாள்.

"ஒவ்வொரு அறுப்புக்கும் சோறு போட்டுக் கூப்பிடு கூப்பிடுன்னு சொன்னாங்க. சோத்தைத் தின்னுட்டு வேலை செய்யாம இருக்கலாமா? கூப்பிட்டேன். மண்ணுக்குள்ள போட்டாங்க, அப்பவும் கூப்பிட்டேன். நிறுத்துன்னு யாரும் சொல்லலையே. முதல்ல எங்க ஊரு மாடு ஒண்ணு வந்துச்சு. அப்புறம் எங்க வகையறாவுல ஒரு வாத்தியார், மாத்தலாகி வந்து மாத்தலாகிப் போனார். தேன் விக்கிறவன் ஒருத்தன். இப்ப இவன். எல்லாரும் நான் புதைஞ்சு கிடந்த இந்த இடத்துல வந்து நின்னுட்டுத்தான் போவாங்க. இருக்கச் சொல்லுன்னு எனக்கு யாரும் சொல்லல, வரச் சொல்லுன்னுதான் சொன்னாங்க."

"அப்ப அவன் எனக்காக வரலையா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒருநாளாவது அவன் யார்கிட்டயாவது வழி கேட்டிருப்பானா? எதிர்ல நிக்கிற ஆள் தெரியாத பனியிலகூட அவன் கால் நேரா உன் வாசல்ல வந்து நிக்கும். அது மட்டும் எனக்குத் தெரியும்."

தலை இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, செய்த வேலையைச் சொன்னது, அவ்வளவுதான். ஆனால் ஷாலெம் அன்றைக்குக் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அடுத்த சந்தையில் பென்ஜுமிடம், பாலம் தாண்டினதும் எந்தப் பக்கம் திரும்புவாய் என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டுப் பார்த்தாள். அவன் காதைச் சொறிந்தான், யோசித்தான், அதெல்லாம் பார்த்ததே இல்லை, நடந்தால் வந்துவிடுகிறது என்று சிரித்தான். முன்பெல்லாம் அவளை மயக்கிய சிரிப்பு அது. இப்போது அவளுக்கு அழுகை வந்தது.

தலை இங்கேயே இருந்தால் அவன் சாகும்வரை வந்துகொண்டே இருப்பான், ஆனால் ஒரு வாய் சோறு தின்ன மாட்டான், கல்யாணமும் இல்லை. தலை போய்விட்டால் சோறு தின்னலாம், கல்யாணமும் செய்யலாம், ஆனால் அவன் வருவானா? இதை யாரிடம் சொல்லி அழுவது? அப்பாவிடம் சொன்னாள். வாங்நாவ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலையை ஒளித்துவைத்துவிட்டு, அது போய்விட்டது என்று சொன்னால் என்ன என்று ஒரு யோசனை சொன்னார், அவர் யோசனைகள் பொதுவாக அந்த ரகம்தான். ஷாலெம் சில நாள் ஒன்றும் செய்யாமல் இருந்து பார்த்தாள். குழம்பில் உப்புக் கூடியது, காரம் குறைந்தது, வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இரவல் வாங்கி வந்த ஆளை வைத்துக் குடும்பம் நடத்த என்னால் ஆகாது என்று கடைசியில் தன்னிடமே சொல்லிக்கொண்டு, தலையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆங்கின் வீட்டுக்குப் போனாள்.

ஆங்கின் வீட்டில் ஊரே கூடிவிட்டது. தலையை அனுப்பினால் கிழங்கு சிறுக்கும் என்றார்கள், பன்றி இளைக்கும் என்றார்கள், மாதர் சங்கத்துப் பெண்கள் இப்போதுதான் மூன்றாவது தொப்பி பின்ன நூல் வாங்கியிருக்கிறோம் என்றார்கள். பாஸ்டர் மான்பாங் அனுப்புவதுதான் கிறிஸ்தவ முறை என்று ஆரம்பித்தார், தன் வீட்டுப் பன்றி ஞாபகம் வந்து குரல் கொஞ்சம் இறங்கியது. தலையை எடுத்தவர் வாரிசு என்ற முறையில் வாங்நாவைக் கேட்டார்கள், அவர் மகளைப் பார்த்தார். ஆங் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் முன்பே சொன்னதுதான், போகக்கூடாது என்றார்.

ஷாலெம் ஆங்குக்கு எதிரில் நின்று பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் பேசினாள். "ஆங், இவ்வளவு காலம் நாம அவரை என்னன்னு கூப்பிட்டோம்?"

ஆங் புருவத்தை உயர்த்தினார்.

"சோறு வைக்கிறப்ப, கள் ஊத்துறப்ப, எங்கள் விருந்தாளியேன்னுதானே சொன்னாங்க? தலைன்னு சொல்லல, அடிமைன்னு சொல்லல. விருந்தாளி போறேன்னு சொன்னா நம்ம ஊர்ல பிடிச்சு வைக்கிற வழக்கம் உண்டா? போறீங்களான்னு அவரை யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லைதான். தினை எப்படி என்று கேட்டிருந்தார்கள், டீ போதுமா என்று கேட்டிருந்தார்கள், மழை வருமா என்றுகூடக் கேட்டிருந்தார்கள். ஆங் எழுந்து வந்து கூடைக்கு முன்னால் குந்தினார். விருந்தாளி ஒருவர் விடை கேட்டால் ஆங்கின் வீட்டுக் கதவை அடைக்கக்கூடாது என்பது அவருடைய குலத்தில் எந்த ஆங்கும் மீறாத வழக்கம், ஆகவே அவர் கேட்கும்போதே தோற்றுவிட்டார் என்று அவருக்குத் தெரியும். என்றாலும் கேட்டார்.

தலை கூடைக்குள்ளிருந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, ஆங்" என்றது. "தொண்டையும் அங்கதான் இருக்கு, எங்க ஊர்ல, உடம்போட. நான் போறேனே."

மாதர் சங்கத்துப் பெண்களில் ஒருத்தி விசும்பினாள், அதற்குப் பிறகு யாரும் கிழங்கைப் பற்றிப் பேசவில்லை.

அனுப்பி வைப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. தலை வருவதற்கு முறை இருந்தது, போவதற்கு இல்லை, ஏனென்றால் எந்தத் தலையும் இதுவரை திரும்பிப் போனதில்லை. வரும்போது முரசில் இடிக்கிற தாளம் இருக்கிறதே, அதையே கடைசியிலிருந்து ஆரம்பத்துக்குத் திருப்பி வாசித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வாசிப்பதற்குள் ஆளாளுக்கு வியர்த்துவிட்டது. பாஸ்டர் ஜெபம் பண்ணினார், ஆங் தன் கையால் தலைக்குத் தொப்பி மாட்டினார், ஒரு மூப்பர் யாரும் பார்க்காதபோது எங்கிருந்தோ ஒரு மூங்கில் குவளை அரிசிக் கள் கொண்டுவந்து தலையின் வாயில் ஊற்றினார், எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஷாலெம் கூடையைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தாள். வழியெல்லாம் தலை ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளைச் சுதி இல்லாமல் பாடிக்கொண்டு வந்தது.

பிரம்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வாங்கியூ ஊர் முழுக்க நின்றிருந்தது. கூடை பாலத்தில் ஏறியதுமே அங்கிருந்த பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். யாருக்கும் அவரைப் பார்த்த ஞாபகம் இல்லை, அவர் போன பிறகு பிறந்தவர்கள்தான் எல்லாரும், இருந்தாலும் அந்த அழுகை நேற்றுச் செத்தவருக்கு அழுகிற அழுகையாகத்தான் இருந்தது. யோங்லாக், யோங்லாக் என்று பேர் சொல்லி அழுதார்கள். அதுவரை தோம்ஷாங்கில் ஒருவருக்கும் அவர் பேர் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. தங்கள் ஊர் முரசின் தாளத்தைக்கூடத் தெரிந்துவைத்திருந்தவர்கள் வெட்கத்தில் தலை குனிந்து நின்றார்கள்.

பாலத்தின் நடுவில் ஷாலெம் கூடையைப் பென்ஜுமின் கையில் கொடுத்தாள். போயிட்டு வாங்க என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த வார்த்தையிலேயே ஒரு வா இருக்கிறது என்று தோன்றி, வெறுமனே தலையசைத்தாள். தலை அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, இனிமே நான் கூப்பிட மாட்டேன், சரியா என்று கேட்டது. சரி என்றாள்.

பென்ஜும் தன் ஊர் மண்ணில் கால் வைத்தான். வைத்ததும் பஸ்ஸில் தூங்கி எழுந்து எந்த ஊர் என்று தெரியாமல் விழிக்கிறவனைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தான், இந்தக் கரையில் நின்றவர்களைப் பார்த்தான், ஷாலெமையும் பார்த்தான். அந்தப் பார்வையில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆட்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு போனார்கள்.

அடுத்த சந்தை வந்தது, பென்ஜும் வரவில்லை. அடக்கம் முடிந்து துக்கம் காப்பார்கள், அதுதான் என்றார் வாங்நாவ். அதற்கடுத்த சந்தையும் வந்தது. குட்டி எதுவும் விற்பனைக்கு இல்லையோ என்னவோ என்றார். பிறகு அவர் காரணம் சொல்வதை விட்டுவிட்டார், ஊர் சொல்ல ஆரம்பித்தது. கிழங்கு பழைய அளவுக்கே திரும்பிவிட்டது, மிளகாய் விரல் அளவுக்கு வந்துவிட்டது, மாப்பிள்ளையும் காணாமல் போய்விட்டான், இதெல்லாம் யார் வாயாலே வந்தது என்று குத்திக் காட்டினார்கள், மனசுக்குள் அவர்களுக்கும் வருத்தம்தான். ஆங் ஒருநாள் கடைக்கு வந்து வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார், அது அவர் ஆறுதல் சொல்லும் முறை.

தேவாலயத்துக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி நின்றால் போனில் சிக்னல் கிடைக்கும். பென்ஜுமிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்தால் என்ன என்று அப்பா கேட்டார். ஷாலெம் மாட்டேன் என்றாள். இத்தனை காலம் ஒருத்தர் கூப்பிட்டு வந்தான், இனி நான் கூப்பிட்டு வர வேண்டுமா, அப்படி வந்தால் அவன் வந்ததா நான் இழுத்ததா என்று எனக்கு எந்தக் காலத்திலும் தெரியாது என்றாள். சொல்லும்போது வீறாப்பாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் விறகுப் புகைமேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அவன் வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஒரு தடவை பாறைக்கு அடிவரை போய்விட்டுத் திரும்பியும் வந்தாள்.

சந்தை இல்லாத ஒருநாள், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த பகலில், கடையில் ஆளே இல்லாத நேரத்தில், தேவாலயப் பக்கமிருந்து ஒருத்தன் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தான். பள்ளத்தாக்கிலிருந்து வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கமாக வர மாட்டார்கள், அது நேர் எதிர்த்திசை. முழங்காலில் சேறு, கெண்டைக்காலில் அட்டைக்கடி, சட்டை ஒரு தோளில் கிழிந்து தொங்கியது, முதுகில் கூடையும் இல்லை பன்றிக்குட்டியும் இல்லை. கடை வாசலில் வந்து நின்று, இதுதானா என்று பலகையைப் பார்த்து, உள்ளே ஷாலெமைப் பார்த்து, அப்பாடா என்று மூச்சு விட்டான்.

வா என்ற சொல் ஷாலெமின் உதட்டுவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

நேற்று விடியும்போதே கிளம்பினானாம். பாலம் தாண்டினதும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லையாம். ஒரு காட்டுக் கொட்டகையில் கேட்டானாம், அவர்கள் சொன்ன வழி வேறு ஊருக்குப் போய்விட்டதாம், அங்கே ஒரு வீட்டில் கேட்டானாம், அவர்கள் அவனை நம்பாமல் நாயை அவிழ்த்துவிட்டார்களாம், ராத்திரி ஒரு தினைக்காட்டு மச்சில் படுத்திருந்துவிட்டுக் காலையில் மறுபடி ஏறினானாம். இதற்கு முன்னால் இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் பாதியில் வழி தெரியாமல் வீட்டுக்கே திரும்பிவிட்டானாம். சொல்லிக்கொண்டே அவன் பெஞ்சில் உட்கார்ந்து ஓர் அட்டையைப் பிய்த்து எறிந்தான்.

"உன்னை யார் கூப்பிட்டா?" என்று கேட்டாள் ஷாலெம்.

"யாரும் கூப்பிடல, ஷாலெம்" என்றான். "அதனாலதான் வழி தெரியல."

அவள் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டாள். கை கழுவ எழுந்தவன், இந்தக் கடையில் தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதையும் அவளிடமே கேட்டான்.